டீசல் கார் மைலேஜ்: நம்ம திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் பேச்சு மைலேஜில் வந்து நிற்கும். நான் மெக்கானிக் இல்லை. 2014-இல் வாங்கிய 1.3 லிட்டர் டீசல் செடானைப் பாளையங்கோட்டையில் வைத்து ஓட்டுகிறேன். வாங்கிய நாளிலிருந்து டீசல் போட்ட கணக்கை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், அவ்வளவுதான் தகுதி. அந்த நோட்டையும் கொஞ்சம் படித்ததையும் வைத்து, திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதி வைக்கிறேன்.

என் வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்று எப்படிச் சரியாகப் பார்ப்பது?

டேங்கை ஃபுல் பண்ணுங்கள். பங்க்கில் டீசல் ஊற்றும் துப்பாக்கி முதல் தடவை 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரூபாயை முழுசாக்க அந்தத் தம்பி மேலும் சொட்டுச் சொட்டாக விடுவார், விடக்கூடாது. கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கால் டேங்க் ஓடியபின், முடிந்தால் அதே பங்க்கில் அதே குழாயில், மறுபடியும் முதல் 'டக்' வரை போடுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் விடை. போன மாதம் எனக்கு 612 கிலோமீட்டருக்கு 33.4 லிட்டர் பிடித்தது, அதாவது லிட்டருக்கு 18.3 கிலோமீட்டர்.

ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று டேங்க் சராசரி பாருங்கள். டேஷ்போர்டில் காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். என் வண்டி 19.5 என்று பெருமை பேசுகிற நாளில் நோட்டு 18.3 என்கிறது.

கம்பெனி சொன்ன மைலேஜ் ஏன் வரமாட்டேன் என்கிறது?

அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை நிறுத்தி, வகுத்த வேகத்தில் ஓட்டி எடுத்த கணக்கு. அங்கே வண்ணார்பேட்டை ரவுண்டானா கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும், மற்றபடி அதோடு சண்டை போட வேண்டாம்.

ஒரே ஒரு பழக்கத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?

பிரேக்கை. எல்லோரும் ஆக்சிலேட்டரை மெதுவாக மிதி என்றுதான் சொல்வார்கள். என் நோட்டு சொல்வது வேறு.

வண்டியும் ஆட்களுமாக 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் போகிற அந்த வண்டியை பிரேக் போட்டு நிறுத்தினால், அதுவரை சேர்த்து வைத்த ஓட்டம் முழுதும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போகிறது. மறுபடி 80-க்கு வர அந்த ஓட்டத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கணக்குப் போட்டால் அதற்கு மட்டும் சுமார் 30 மில்லி டீசல் ஆகிறது. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியில் மூன்று மூடி. ஒவ்வொரு தடவை அடித்து நிறுத்தும்போதும் மூன்று மூடி டீசலை ரோட்டில் ஊற்றுகிறோம்.

இதை நேரில் பார்த்த கதை ஒன்று உண்டு. அத்தானும் நாங்களும் என் வண்டியில் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பிசான அறுவடை நேரம், ரோட்டை அடைத்துக்கொண்டு வைக்கோல் டிராக்டர்கள். அத்தான் ஓட்டினார். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் வேகமாக நுழைந்து, வேகத்தடையைப் பார்த்ததும் அழுத்தி, தாண்டியதும் மூன்றாம் கியரில் உறுமி, அடுத்த பஸ்ஸின் வாலில் போய் மறுபடி அழுத்தி... பின்சீட்டில் என் மகள் பொழுதுபோகாமல் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அம்பை போய்ச் சேரும்போது 71 கோடு. திரும்பும்போது நான் ஓட்டினேன், 29 கோடு. டேஷ்போர்டு போகும்போது 16.8, வரும்போது 20.1 காட்டியது. நேர வித்தியாசம் நாலே நிமிஷம். சாயங்காலம் கொஞ்சம் போக்குவரத்துக் குறைவு என்று அத்தான் வாதாடினார். இருக்கலாம், ஆனாலும் 42 கோட்டுக்கு அது மட்டும் காரணமாக முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தையே பார்த்து ஓட்டாமல், அதற்கும் முன்னால் மூன்று வண்டி தள்ளிப் பாருங்கள். பஸ் இடது பக்க விளக்குப் போட்டால் நிற்கப் போகிறது. வேகத்தடைக்கு முன்னால் ரோட்டில் வெள்ளைக் கோடு தெரியும். அங்கேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரில் இருந்தபடியே வண்டியை உருள விடுங்கள். இப்போதுள்ள டீசல் இன்ஜின்களில் இப்படிக் கியரில் உருளும்போது இன்ஜக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை, ஆயிரத்தை ஒட்டி இறங்கும்போதுதான் மறுபடி டீசல் போகும்.

நாலுவழிச் சாலையில் எந்த வேகம் லாபம்?

ஐந்தாவது கியரில் 75-லிருந்து 85 வரை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. 80-லேயே இன்ஜின் உழைப்பில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளத்தான் போகிறது என்பதால் இந்த 56 சதவீதம் நேரே டேங்க்கில் தெரியும். என் நோட்டில் 80-85 ஓட்டிய நெடுஞ்சாலைப் பயணங்கள் 22-ஐ ஒட்டியும், 100-105 ஓட்டியவை 18-ஐ ஒட்டியும் இருக்கின்றன.

நேரம்? இங்கிருந்து நாகர்கோவிலுக்கு 75 கிலோமீட்டர் என்று வைத்தால், 100-இல் 45 நிமிஷம், 80-இல் 56 நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷத்தை நான்குநேரி சுங்கச்சாவடி தாண்டியதும் ஒரு டீக்கடையில் நின்று நாமே கரைத்துவிடுகிறோம்.

நம்ம பக்கத்துக்கென்று இன்னொரு சங்கதி உண்டு, காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று காவல்கிணறு தாண்டியதும் முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலையை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. 80-இல் போகும்போது எதிரே 30 கி.மீ. வேகக் காற்று வந்தால், வண்டிக்கு அது 110-இல் போகிற மாதிரிதான், எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த நாட்களில் நாகர்கோவில் போகும்போது 70-க்கு இறக்கிவிடுவேன். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், 80 வைத்துக்கொள்ளலாம். போகும்போது மட்டும் மைலேஜ் பார்த்துவிட்டு 'வண்டியில் ஏதோ கோளாறு' என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓடியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

கியரை எப்போது மாற்ற வேண்டும்?

சமதளத்தில் 1,800-லிருந்து 2,000 ஆர்பிஎம்முக்குள் அடுத்த கியர். டீசலுக்கு இழுவை கீழேயே கிடைக்கும். பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் 3,000 வரை இழுத்துவிட்டு மாற்றுவார்கள், அது வீண்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மைலேஜ் மைலேஜ் என்று 40 வேகத்தில் ஐந்தாவது கியரைப் போட்டு ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. 1,200-க்குக் கீழே வண்டி முக்கும், கண்ணாடி அதிரும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ சுற்றாத நிலையில் மிதித்தால் டீசல் அரைகுறையாக எரியும். ஃப்ளைவீலும் கிளட்சும் அடி வாங்கும். அதை மாற்றுகிற செலவில் பல வருஷ டீசல் மிச்சம் அடிபட்டுப்போகும். முக்கினால் கியரை இறக்குங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

கிளம்பும்போது ஆமை மாதிரி ஊர்வதும் வேண்டாம். பாதி மிதியில் சுறுசுறுப்பாக ஏறி, சீக்கிரம் மேல் கியருக்குப் போய், அங்கே காலைத் தளர்த்துவதுதான் டீசலுக்குத் தோதான ஓட்டம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், 2,000 வந்ததும் காலை ஒரு நொடி லேசாகத் தூக்குங்கள், அதுவே மேல் கியருக்குப் போய்விடும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமே?

ஆகாது. பழைய லாரி டிரைவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம் இது, இன்றைய இன்ஜினுக்குப் பொருந்தாது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்கும். கியரில் விட்டால் மேலே சொன்னபடி ஒரு சொட்டுக்கூடப் போகாது. மிச்சம் கியரில்தான்.

மிச்சத்தை விடுங்கள், உயிர்ப் பிரச்சினை. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு வருகிற மலைப்பாதையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் வேகத்தைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் இருக்கும். பிரேக் சூடேறி வழுக்க ஆரம்பித்தால் பிடிக்க எதுவும் இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிற அறிவாளிகளுக்கு பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய விதி இன்றைக்கும் சரி.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது அணைக்கலாமா? திரும்ப ஸ்டார்ட் பண்ண நிறைய டீசல் போகும் என்கிறார்களே?

போகாது. அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்றால் அணைப்பதே லாபம். சும்மா நிற்கும் சின்ன டீசல் இன்ஜின் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி ஓடினால் இன்னும் கூட. குலவணிகர்புரம் கேட்டில் தினமும் போகும்போதும் வரும்போதும் எட்டெட்டு நிமிஷம் மாட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் 300 நாளுக்கு 80 மணி நேரம், ஏறக்குறைய 48 லிட்டர். ஒரு டேங்க்குக்கு மேல், ஒரு அடிகூட நகராமல்.

ஒரே ஒரு விலக்கு. நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து நின்ற உடனே அணைக்காதீர்கள். டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், ஆயில் ஓட்டம் நின்றால் அதன் பேரிங் கருகும். ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். ஊருக்குள் 30, 40-இல் வந்து கேட்டில் நின்றால் இந்தக் கவலை இல்லை.

காலையில் ஐந்து நிமிஷம் வண்டியைச் சூடாக்க வேண்டுமா?

வேண்டாம். நம்ம ஊர்க் குளிரில் அரை நிமிஷம் போதும். அப்புறம் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டினால் ஓட்டத்திலேயே சூடாகிவிடும்.

ஆறிய இன்ஜின் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதுதான் இங்கே முக்கியம். காலையில் டவுன், மத்தியானம் ஜங்ஷன், சாயங்காலம் மேலப்பாளையம் என்று தனித்தனியாகப் போகாமல் ஒரே நடையில் முடியுங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் ஸ்கூட்டரை எடுங்கள்.

ஏசி போட்டால் எவ்வளவு குறையும்?

நெடுஞ்சாலையில் கொஞ்சம்தான். 80-இல் போகும்போது நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் காற்றின் எதிர்ப்பு கூடி, மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் அதிலேயே போய்விடும். ஊருக்குள் நெரிசலில் நகரும்போதுதான் ஏசியின் பங்கு நன்றாகத் தெரியும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி அடிக்கும்போது ஏசியை அணைத்து வேர்த்து விறுவிறுத்து ஓட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டி, உள்ளே அடைந்த சூட்டை விரட்டிவிட்டு, பிறகு ஏசி போட்டு உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். வேப்பமர நிழலில் நிறுத்துவதும் மைலேஜ்தான்.

டயரில் எவ்வளவு காற்று?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவு. இரண்டு பேருக்கு ஒன்று, முழு ஆளுக்கு ஒன்று என்று இருக்கும். குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிற நாளில் இரண்டாவது.

ஆறிய டயரில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. கயத்தாறிலிருந்து ஓடி வந்த சூட்டோடு 33 வைத்தால், காலையில் அது 29 ஆகியிருக்கும். நாலு பிஎஸ்ஐ குறைவதால் மைலேஜில் போவது ஒரு சதவீதம் போலத்தான், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் டயரின் ஓரம் தேய்ந்துபோகும், சித்திரை ரோட்டில் டயர் அளவுக்கு மேல் சூடேறும். நான் ஒரு சின்ன கேஜ் வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறேன். பங்க் மெஷின் ஒன்று 35 காட்டியதை அது 30 என்று காட்டிய நாளிலிருந்து என் கேஜைத்தான் நம்புகிறேன்.

மேலே கேரியர், டிக்கியில் சாமான்?

கேரியரை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். சும்மா இருந்தாலும் காற்றைப் பிடிக்கும். டிக்கியில் கிடக்கும் அரிசி மூட்டை நெடுஞ்சாலையில் பெரிதாக ஒன்றும் செய்யாது, நின்று நின்று போகிற ஊர் ஓட்டத்தில் தெரியும்.

பிஎஸ்6 டீசல் வாங்கியிருக்கிறேன். டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரிகிறது, மைலேஜும் விழுந்துவிட்டது. ஏன்?

2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே கூடுதல் டீசலைத் தெளிக்கும். அதற்கு ஃபில்டர் நன்றாகச் சூடேற வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டமே ஓட்டினால் எரிப்பு தொடங்கும், பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி தொடங்கும். டீசல் போகும், கரி போகாது.

மருந்து எளிது. பத்து நாளைக்கு ஒரு தடவை கேடிசி நகரில் நாலுவழிச் சாலையைப் பிடித்து, 2,000 ஆர்பிஎம் குறையாமல் நான்குநேரி வரை ஒரே சீராக ஓட்டுங்கள். வானமாமலைப் பெருமாளையும் சேவித்துவிட்டு வரலாம். வீட்டு வாசலில் நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடியிருந்து, ஃபேன் இரைந்து, சூடான வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அணைக்காமல் இன்னொரு சுற்றுப் போய் வாருங்கள். ஆயில் மாற்றும்போது கையேட்டில் சொன்ன ரகம்தான் போட வேண்டும். சாம்பல் அதிகம் விடுகிற ஆயில் அந்த ஃபில்டரை நிரந்தரமாக அடைக்கும்.

ஓட்டம் முழுக்க ஊருக்குள்தான் என்றால் டீசலே உங்களுக்குத் தோதில்லை. வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்று அடிக்காதாமே?

அடிக்காது. லாரி பிரேக் போட்டால் வண்டியும் இருக்காது. அடுத்த கேள்வி.

டேங்க்கில் ஊற்றும் மைலேஜ் மருந்து?

நான் இரண்டு பாட்டில் வாங்கி ஊற்றிப் பார்த்தேன். நோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டர் மாற்றலாம்.

இவ்வளவும் செய்தால் வருஷத்துக்கு என்ன மிச்சம்?

வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டம். 16 தந்த வண்டி 19 தருகிறது என்றால் 148 லிட்டர் மிச்சம். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 13,700 ரூபாய் சொச்சம். பிரேக் பேடும் டயரும் நின்று உழைப்பது இந்தக் கணக்கில் சேரவில்லை.

வீட்டில் மற்றவர்களும் அதே வண்டியை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு எப்படிப் பழக்குவது?

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து 'காலை எடு, கியரை மாத்து' என்று சொல்லக்கூடாது. நான் சொல்லிப் பார்த்து, முருகன்குறிச்சியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறேன். அப்புறம்தான் நோட்டை டேஷ்போர்டில் போட்டு, யார் டேங்க் ஃபுல் பண்ணினாலும் அவரவர் பேரில் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இப்போது நோட்டில் மூன்று பேர் கையெழுத்து. தை மாதம் அதிகபட்சம் 21.4, என் மனைவியுடையது. எனக்கு 20.2.